ஆற்றுத் தண்ணீரில் கரைத்த சாயம்

பட்டணத்தில் வைத்தியக் கல்லூரியின் மூன்றாம் வருஷத்தில் நோய்க்குறியியல் படித்தபோது, இரத்தப் பூச்சு எடுப்பதில் என்னை மிஞ்ச என் வகுப்பில் ஆள் கிடையாது. அடக்கமில்லாமல்தான் சொல்கிறேன். விரல் நுனியில் ஊசியால் ஒரு குத்து, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு, இன்னொரு கண்ணாடியின் விளிம்பால் ஒரே இழுப்பு. மற்றவர்கள் இழுத்தால் திட்டுத்திட்டாக நிற்கும். என்னுடையது வெங்காயச் சருகு போல மெல்லிசாக, ஒரே சீராகப் படியும். பேராசிரியர் என் ஸ்லைடை வாங்கி வகுப்பு முழுவதற்கும் காட்டுவார். எனக்குத் தலைகால் புரியாது.

இன்னொரு பெருமையும் எனக்கு உண்டு. அது என்னுடையது மட்டுமல்ல, ஊருக்கே உள்ளது. திருநெல்வேலிக்காரன் எவனும் பட்டணத்துத் தண்ணீரை முகம் சுளிக்காமல் குடித்ததில்லை. விடுதிக் கிணற்றின் உப்புத் தண்ணீரை வாயில் வைத்ததும், "எங்க தாமிரபரணித் தண்ணியில பருப்பு ஒரே கொதியில வேகும் வே" என்று ஆரம்பித்துவிடுவேன். சிநேகிதர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

பெரிய யுத்தம் தொடங்குவதற்கு இரண்டொரு வருஷம் முன்னால், ஒரு கோடை விடுமுறைக்குப் பாளையங்கோட்டைக்கு வந்தேன். எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே ஒரு பித்தளை மைக்ராஸ்கோப் துணி போர்த்தி அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைக்கார டாக்டர் துரைக்கு அதன் பக்கம் போக நேரமில்லை. "நான் பார்க்கட்டுமா?" என்று கேட்டேன். அவர் சந்தோஷமாகச் சாவியைக் கொடுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு நர்ஸ். என்னோடு ஞாயிறு பள்ளியில் படித்தவள். வேத வசனம் ஒப்பிப்பதில் வருஷா வருஷம் முதல் பரிசை என்னிடமிருந்து தட்டிக்கொண்டு போனவள். அந்தக் காந்தல் எனக்கு இன்னும் தீர்ந்திருக்கவில்லை. நான் அவளை நர்சம்மா என்று கிண்டலாகக் கூப்பிட, அவள் பதிலுக்கு என்னை டாக்டரய்யா என்பாள்.

வந்த முதல் வாரத்திலேயே சீவலப்பேரியிலிருந்து ஒரு கூலிக்காரரை மாட்டுவண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். மலைத்தோட்டத்தில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர். எட்டு நாளாகக் காய்ச்சல். கூட அவர் மனைவி மட்டும். மலையிலிருந்து வந்த காய்ச்சல் என்றதும் எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. முறைக்காய்ச்சல், மலேரியா. அதன் கிருமியை இரத்தத்தில் காட்டிவிட்டால் என் பெயர் ஊரெல்லாம் பேசப்படும்.

நர்ஸ் தலையை ஆட்டினாள். "குளிரே வரல்லியே டாக்டரய்யா. காய்ச்சல் விட்டு விட்டும் அடிக்கல. படிப்படியால்லா ஏறுது. நாடியும் பைய ஓடுது. இது டைபாய்டு மாதிரில்லா இருக்கு?"

"தெர்மாமீட்டர வச்சுக்கிட்டு நீ ஜோசியம் சொல்லுத. நான் கண்ணால பாத்துச் சொல்லுதேன்" என்றேன்.

வழக்கம்போல இரண்டு பூச்சு எடுத்தேன். ஒன்றைச் சாயம் போடாமல் காயவைத்துப் பெட்டியில் வைத்தேன். மற்றதற்குச் சாயம் ஊற்றி, அதன்மேல் வடித்த தண்ணீர் விட வேண்டும். கொதிக்கவைத்து ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கும் அந்தத் தண்ணீர், சீசாவில் ஒரு சொட்டுக்கூட இல்லை. "காலையில வடிச்சுத் தாரேன்" என்றாள் நர்ஸ். எனக்கு அதுவரை பொறுக்குமா? குடத்தில் அன்று விடிகாலை ஆற்றிலிருந்து வந்த தண்ணீர் இருந்தது. பளிங்கு மாதிரி இருந்தது. பட்டணத்தில் வடித்த தண்ணீர்கூட இதற்கு ஈடாகாது என்று நினைத்து, அதையே எடுத்து விட்டேன். வேறு ஊர்க்காரன் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். சிவப்பணுக்களின் மேல் ஊதா ஊதாவாகப் புள்ளிகள். ஒன்றிரண்டு அல்ல, கண்ட இடமெல்லாம். துரையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவசரத்தில் ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, "நன்று" என்று சொல்லி, மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினா எழுதினார். கூலிக்காரரின் மனைவியிடம் நானே போய், "பயப்படாதீங்க. மலைக்காய்ச்சல்தான். மருந்து கேட்கும். பசிச்சா சோறு குடுங்க" என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த சமையல் கொட்டகையில் அன்றைக்கே உலை வைத்தாள்.

மூன்றாம் நாள் என் சித்தப்பா மகன்கள் மைக்ராஸ்கோப்பைப் பார்க்க வந்தார்கள். வித்தை காட்டுவதற்கு என் விரலையே குத்தி, அதே குடத்துத் தண்ணீரில் சாயம் போட்டுப் பார்த்தேன். ஊதா ஊதாவாகப் புள்ளிகள். கண்ட இடமெல்லாம்.

காலையில் ஏழு இட்லி தின்றுவிட்டு வந்த எனக்கு மலேரியாவா? அது கிருமியே இல்லை. சாயப் பொடி. ஆற்றுத் தண்ணீரில் சாயம் சரியாகக் கரையாமல், பொடிப்பொடியாக அணுக்களின்மேல் படிந்திருந்தது. பெட்டியில் வைத்திருந்த இரண்டாவது பூச்சை எடுத்தேன். இதற்குள் நர்ஸ் வடித்து வைத்திருந்த தண்ணீரில் சாயம் போட்டேன். ஒரு மணி நேரம் ஸ்லைடை மூலை மூலையாகத் தேடினேன். ஒரு கிருமியும் இல்லை.

காய்ச்சலும் கொயினாவுக்கு அசைந்து கொடுக்கவில்லை. நர்ஸின் அட்டையில் கோடு படிப்படியாக ஏறி உச்சியில் நின்றது. டைபாய்டேதான். அதில் குடல் புண்ணாகியிருக்கும். கெட்டியாக எது உள்ளே போனாலும் புண் கிழிந்து ஆள் போய்விடலாம் என்று எங்களுக்குப் பாடம். அப்படிக் கிழிந்த குடல் ஒன்று கல்லூரியில் கண்ணாடி ஜாடிக்குள் இருந்தது. அதைப் பார்த்து ஓட்டையைக்கூட விடாமல் படம் வரைந்து, வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கியிருந்தேன். வாங்கிய நான்தான் இந்த மனிதருக்கு மூன்று நாள் சோறு போடச் சொல்லியிருக்கிறேன்.

துரையிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. சரியாகப் பார்க்காமல் ஒப்புக்கொண்டது தன் தப்பும்தான் என்றார். சீட்டில் கொயினாவை அடித்துவிட்டு, "அந்த அம்மாளிடம் நீயே போய்ச் சொல்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

கொட்டகையில் அவள் சோற்றைக் குழையப் பிசைந்துகொண்டிருந்தாள். கிண்ணத்தைப் பிடித்தேன். "குடுக்காதீங்க. நான் பாத்தது தப்பு. இது வேற காய்ச்சல். பாலும் கஞ்சித் தண்ணியும்தான் குடுக்கணும்."

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "மூணு நாளா ஊட்டுனேனே?"

"நான்தான் சொன்னேன். தப்பு என்னுது."

"இப்பஞ் சொல்லுததாவது நெசமா தம்பி?"

கல்லூரியில் என்னை யாரும் இவ்வளவு சரியான கேள்வி கேட்டதில்லை. நெசந்தான் என்றேன். அவள் சோற்றைத் தூக்கித் தனியே வைத்தாள்.

பிறகு பதினாறு நாள் நான் வீட்டுக்குத் தூங்க மட்டும் போனேன். அவர் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன், குடல் கிழிந்து இறுகியிருக்கிறதா என்று. நாடியைப் பிடித்து நர்ஸிடம் எண்ணிக்கையைச் சொல்வேன், அவள் அட்டையில் எழுதுவாள். கிண்டல் பேச்சு எங்களுக்குள் நின்றுபோயிருந்தது. மனிதரின் குடல் தாங்கிவிட்டது. என் கெட்டிக்காரத்தனம் அதில் ஒன்றும் இல்லை. பதினேழாம் நாள் காய்ச்சல் விட்டது. அடுத்த பத்து நாளும் அது திரும்பவில்லை. துரை பார்த்துவிட்டு, இனிக் குழைந்த சோறு கொடுக்கலாம் என்றார்.

இந்த நல்ல செய்தியையாவது நான் சொல்ல வேண்டுமென்று கொட்டகைக்கு ஓடினேன். "அம்மா, இனிச் சோறு குடுக்கலாம்" என்றேன். எனக்கே அழுகை வந்துவிடும் போலிருந்தது.

அவள் சிரித்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். என்னைத் தாண்டி வார்டு வாசலுக்குப் போய், உள்ளே இருந்த நர்ஸைக் கூப்பிட்டாள்.

"தாயி, தம்பி சோறு குடுக்கலாம்னு சொல்லுது. குடுக்கட்டுமா?"