வெளிறிய சாறு

சாயப்பட்டறையில் இருபத்திரண்டு வருடம் மாஸ்டராக இருந்த அங்கமுத்துவுக்கு மூச்சு கெட்டுப்போயிருந்தது. இனிமேல் சாயத்தொட்டி ஆவியில் நின்றால் நுரையீரல் தாங்காது என்று 1993இல் டாக்டர் சொல்லிவிட்டார். அவிநாசிப் பக்கம் மூலிகைச் சாறு எடுக்கும் சிறிய கம்பெனி தொடங்கிய ஆத்தப்பன் அவரை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்.

காய்ந்த கொய்யா இலைப் பொடியை ஸ்பிரிட்டும் தண்ணீரும் கலந்து ஊறவைத்து, அதிலுள்ள பாலிபீனால் என்கிற துவர்ப்புச் சத்தை இறக்க வேண்டும். ஸ்பிரிட் எத்தனை பங்கு, சூடு எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. சென்னை மருந்துக் கம்பெனியில் சாம்பிள் தேறினால் வேலை நிரந்தரம்.

"குடிக்காத மனுசன் தெனமும் சாராய வாசத்தோட ஊட்டுக்கு வர்றீங்க. அக்கம்பக்கத்துல சிரிக்கறாங்க" என்றாள் மனைவி மயிலாள்.

"குடிக்கறது எலைதான் புள்ள. நான் ஊத்திக் குடுக்கறவன்."

அவளும் சிரித்தாள். அவர் கடைசியாக இருமி ஒரு வாரம் ஆகியிருந்தது.

முப்பது விதமாகக் கலந்து பார்த்தார். நூற்றுக்கு அறுபது பங்கு ஸ்பிரிட், ஐம்பது டிகிரி, ஒரு மணி நேரம். கோவைக் கல்லூரியில் சோதித்தபோது இதில்தான் சத்து அதிகம் இருந்தது. ஆனால் சாறு வெளிறிக் கிடந்தது.

அனுப்பவேண்டிய அன்று காலை, துணிக்கு ஷேடு பார்ப்பதுபோல சீசாவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மனம் ஒப்பவில்லை. நிறம் அழுத்தமாக ஏறாத எதையும் அவர் கை இதுவரை வெளியே அனுப்பியதில்லை. யாரிடமும் கேட்காமல் புதிதாகக் கொஞ்சம் இலைப் பொடியை ஊறப்போட்டு எண்பது டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்தார். கரும்பழுப்பாக இறங்கியது. அதையே அடைத்து அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்து ஆத்தப்பன் சென்னைக் கம்பெனியின் கடிதத்தோடு வந்தார். சத்து பாதிகூட இல்லை.

"ஏனுங்கண்ணா மாத்துனீங்க? அது சத்து இல்லீங்க, சூட்டுல கெட்டுப்போன கருப்புங்க."

"வெளுத்துக் கெடந்துச்சுங்க."

ஆத்தப்பன் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். "அவங்க வேற ஆள் பாத்துக்கிட்டாங்களாம். மாசக் கடைசியோட கம்பெனியச் சாத்தறனுங்க."

பழகிய கண் சோதனைச்சாலை எண்ணைவிடப் பெரிது என்று அங்கமுத்து நினைத்ததில் கர்வம் இல்லை. அவரிடம் இருந்தது அந்தக் கண் ஒன்றுதான்.

தை மாதம் பழைய சாயப்பட்டறைக்கே வேலைக்குக் கிளம்பினார்.

"டாக்டர் சொன்னது மறந்துபோச்சுங்களா?" மயிலாள் வாசலை மறித்தாள்.

"வேற என்ன தெரியும் எனக்கு?"

இரண்டு வருடம் தாங்கினார். அவர் இறந்த மறுமாதம் மயிலாள் பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டும் வேலைக்குப் போனாள்.