நான் கத்திய கத்தலும் செல்வியும்

ஃபேக்டரியில் தேயிலை காயும் வாசனையும், மழையில் ஊறிய பந்தின் வாசனையும்... இன்றைக்கும் மழை பிடித்தால் இரண்டும் சேர்ந்து என் மூக்கில் ஏறிவிடுகின்றன.

வண்டிப்பெரியார் பக்கம் ஒரு எஸ்டேட் ஸ்கூலில் தற்காலிக பி.டி. மாஸ்டராகச் சேர்ந்த புதிது. வயது இருபத்துநாலு. கிரவுண்ட் என்று சொல்லிக்கொண்டது ஃபேக்டரிக்குக் கீழே ஒரு சரிவு. யூகாலிப்டஸ் கம்புதான் கோல்போஸ்ட். பந்து தப்பினால் தேயிலைச் செடிக்குள் அரைமணி நேரம் தேட வேண்டும்.

பெண்பிள்ளைகள் டீம். அதில் செல்வி, பதினாலு வயது, நடுவில் ஆடுவாள். அம்மா கொழுந்து எடுப்பவர். ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் இடம் கிடைத்தால் படிப்பு, சாப்பாடு எல்லாம் அங்கேயே. கிடைக்காவிட்டால் பத்தாவதோடு அவளும் அம்மா மாதிரி கொழுந்து எடுக்க மலையேற வேண்டியதுதான். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எனக்கு அப்போது பெரிய தொண்டை...

"செல்வி, ரைட்ல குடு. திரும்பு. இப்ப அடி."

சொன்ன நொடியில் செய்வாள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது பழக்கம். ஃபேக்டரியில் சங்கு ஊதினால் வேலைக்குப் போகணும், சூப்பர்வைசர் குரல் கொடுத்தால் அடுத்த நிரைக்கு நகரணும். வீட்டில் பார்த்து வளர்ந்தது அதைத்தான். நான் அங்கே இன்னொரு சங்கு, அவ்வளவுதான். அதற்குக் கோச்சிங் என்று பேர் வைத்துக்கொண்டேன்.

வரிசையாக ஜெயித்தோம். திமிர் தலைக்கு ஏறியது. "ஏன் அவளுக்குக் குடுத்த, வேற யாரு சும்மா நின்னா?" என்று ஒரு நாளாவது செல்வியிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

செலக்‌ஷன் அன்று விடிய விடிய மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஆட்டம் தொடங்கும் முன் தேர்வு செய்ய வந்த மலையாளி சார் எங்களைப் பார்த்துச் சொன்னார்: "கோச்சுமார் ஆரும் மிண்டருது." யாரும் வாய் திறக்கக் கூடாது. பிள்ளைகள் தானாக என்ன முடிவு எடுக்கிறார்கள் என்று அவர் பார்க்க வேண்டுமாம்.



முதல் பந்து செல்விக்குத்தான் வந்தது. வலது பக்கம் ஒருத்தி தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். செல்வி பந்தைக் காலால் மிதித்து நிறுத்திவிட்டு... என்னைப் பார்த்தாள். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். எதிர் டீம் பிள்ளை வந்து பந்தை எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டாவது தடவையும் பார்த்தாள். மூன்றாவது தடவையும். அதற்கப்புறம் செல்வி பந்து வரும் பக்கமே போகவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள். "ஏன் சார் ஒண்ணும் சொல்லல? நீங்க சொல்லிருந்தா அடிச்சிருப்பேன்ல."

  அடுத்த வருஷம் அவள் கொழுந்துக் கூடையைத் தூக்கினாள்.

இப்போது டவுனில் செயற்கைப் புல் டர்ஃபில் கோச்சிங் கொடுக்கிறேன். கத்துவதே இல்லை. ஆட்டத்தை நிறுத்தி, "இப்ப என்ன பார்த்த? வேற என்ன செஞ்சிருக்கலாம்?" என்று கேட்பேன். தப்பு செய்தாலும் விட்டுவிடுவேன். சில அப்பாமார்களுக்குக் கோபம், காசு வாங்கிக்கொண்டு சார் சும்மா நிற்கிறார் என்று.

செல்வியின் மகளும் என்னிடம்தான் வருகிறாள். போன வாரம் அவளுக்கு ஹாஸ்டலில் இடம் கிடைத்தது. லெட்டரை எடுத்துக்கொண்டு செல்வி வந்தாள்.

"அனுப்பவா, வேண்டாமா சார்? எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்குது. நீங்களே சொல்லிருங்க."

நான் மகள் பக்கம் திரும்பினேன்.

பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த மகள் தலை நிமிராமலே சொன்னாள். "நான் போறேம்மா."

செல்விக்கு அது காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.