தாராக் கொம்பியூட்டரும் யன்னல் மேசையும்

எங்கட வீட்டில மேசை எண்டு சொல்ல ஒண்டுதான் இருக்கு. முன் அறையில யன்னலோட கிடக்குது. அதில இருந்தா உள்துறைமுகம் தெரியும், நங்கூரம் போட்ட கப்பல் தெரியும், பின்னேரத்தில காத்து அள்ளிக்கொண்டு வரும். ஒழுங்கையால போற மானுகளும் அந்த யன்னலுக்காலதான் தலையை நீட்டும், வாழைப்பழத் தோல் கிடைக்குமோ எண்டு. "மானைக் கலை, மானைக் கலை" எண்டு கத்துறது விடிஞ்சா எனக்கு ஒரு உத்தியோகம். எங்கட பக்கத்தில கலை எண்டா துரத்து. இந்தக் "கலை"யை ஞாபகம் வைச்சிருங்கோ. பிறகு தேவைப்படும்.

அந்த மேசைக்காகப் போன வரியம் எங்கட வீட்டில ஒரு சண்டை நடந்தது. கப்பல், பீரங்கி எல்லாம் வந்தது. ஒருத்தருக்கும் ஒரு நகக்கீறல் இல்லை. சண்டை எண்டா இப்பிடித்தான் இருக்கவேணும். நாங்கள் மற்றச் சண்டையையும் பாத்த ஆக்கள்தானே.

இந்தக் கதையைச் சொல்லுறது நான், கொம்பியூட்டரில அடிக்கிறது மருமகள். நான் படிச்சது மூண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி வாசிப்பன். எழுதினா கோழி கிளறின மாதிரி இருக்கும். அதால இதில பிழை இருந்தா மருமகளை ஏசுங்கோ. வடிவா இருந்தா அது என்ர.

மருமகள் திரியாய் எண்ட ஊர்ப் பிள்ளை. கலியாணம் முடிச்சு வரேக்க ஒரு லப்டொப் கொண்டு வந்தவ. மூடியின்ர பிணைச்சல் உடைஞ்சு, மீன் பிடிக்கிற தங்கூசி நூலால கட்டியிருக்கும். அதிலதான் அவவின்ர வேலை. ரவுணில ஒரு அச்சகத்துக்குக் கலியாணக் காட், மரண அறிவித்தல் எல்லாம் தமிழில அடிச்சுக் குடுக்கிறவ. இந்தப் பக்கத்தில ஆர் கலியாணம் முடிச்சாலும் ஆர் செத்தாலும் அவவின்ர விரலுக்கால போனாத்தான் ஊருக்குத் தெரியும்.

அந்த லப்டொப் மற்ற ஆக்களின்ர மாதிரி இல்லை. கடைக்காரன் போட்டுக் குடுத்ததோட அது ஆமை மாதிரி ஊர்ந்ததாம். அதைத் துடைச்செறிஞ்சிட்டு லினக்ஸ் எண்ட ஒண்டைத் தானே போட்டவவாம். திறந்தா, வாத்துப் போல வெள்ளை நெஞ்சோட ஒரு கொழுத்த பறவை வந்து நிக்கும்.

"இதென்ன பிள்ளை, தாராவோ?"

"தாரா இல்லை மாமி, பென்குயின்."

"தண்ணியில நீந்துமோ?"

"ஓம்."

"அப்ப தாராதான்."

அண்டையில இருந்து அது தாராக் கொம்பியூட்டர்.

என்ர மோனுக்குத் துறைமுகத்தில வேலை. போன வரியம் ஒரு புதுக் கொம்பியூட்டர் வாங்கிக்கொண்டு வந்தான். அம்மாளாச்சியே, அதின்ர லைற்! சிவப்பு, பச்சை, நீலம் எண்டு மாறி மாறி எரியுது, கோயில் சப்பறம் மாதிரி. மேளகாரர்தான் இல்லை. இது எதுக்கு எண்டு கேட்டா, கேம் விளையாடவாம். கொண்டு வந்த கையோட மேசையைப் பாத்தான்.

"அம்மா, இதுக்கு அந்த மேசைதான் சரி."

"அப்ப அந்தப் பிள்ளை எங்க இருந்து அடிக்கிறது?"

"குசினிக்குள்ள கிடக்கிற வாங்குப் பலகையில இருந்து அடிக்கலாம்தானே. இல்லாட்டி இந்தத் தங்கூசி கட்டின சாமானைப் பழைய இரும்புக்காரனிட்டக் குடுத்திட்டு, நான் வேலைக்குப் போற நேரம் என்ரயில அடிக்கட்டும்."

மருமகள் லப்டொப்பின்ர மூடியில உள்ளங்கையை வைச்சா. பிள்ளைக்குக் காய்ச்சல் காயுதோ எண்டு பாக்கிற மாதிரி. எனக்கு அதைப் பாக்க ஒரு மாதிரிப் போச்சு. இந்த வீட்டுக்கு அவ வந்து இவ்வளவு காலத்தில, இது என்ர இடம் எண்டு அவ இருந்தது அந்த யன்னலடியில மட்டும்தான்.

மோன் விடேல்ல. "அதில என்ன இருக்கு? ஒரு கேம் கூட ஓடாது. தாராவைப் பாத்துக்கொண்டு இருக்கலாம், அவ்வளவுதான்."

"ஓடுமப்பா," எண்டா மருமகள்.

"ஓடாது."

"ஓடும் எண்டுறன்."

"சரி, ஓட்டிக் காட்டும் பாப்பம். ஓட்டி, அதில என்னை வெண்டா மேசை உமக்கு. நானே என்ர சாமானைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போறன். தோத்தா நீர் போறீர்."

பகல் முழுக்க அடிக்கிற வேலை, இடையில பேத்தியை ஏணையில ஆட்டுற வேலை. அந்தப் பிள்ளைக்கு விளையாடிப் பழக எங்க நேரம்? நான் வாயை விட்டிட்டன்.

"அவவுக்காக நான் விளையாடுறன்."

மோன் குடிச்ச தேத்தண்ணி மூக்கால வந்தது. எதிராளி இப்பிடிச் சிரிச்சாலே அரைவாசி வெண்ட மாதிரி எண்டு அவனுக்குத் தெரியேல்ல. நான் சின்ன வயசில இருந்து முன்னூற்றிநாலு விளையாடுறவள். அந்தக் கடதாசி விளையாட்டில ஒரு துரும்புச் சீட்டைக் கவிட்டு வைச்சிருப்பம், நேரம் வந்தாத்தான் பிரட்டிக் காட்டுவம். அது வரைக்கும் முகத்தை வெறும் பேக்கரிப் பாணைப் போல வைச்சிருக்கவேணும். எனக்குப் பாண் முகம் கடவுள் குடுத்தது.

முதல் மோன்ர கேமையே ஓட்டிப் பாப்பம் எண்டு மருமகள் வெளிக்கிட்டா. அது காசு குடுத்து வாங்கின கேம். தாராவுக்கு எண்டு செய்யேல்ல. முதல் நாள் கறுப்பா ஒண்டும் தெரியேல்ல. அடுத்த நாள் சத்தம் மட்டும் வந்தது, ரேடியோ மாதிரி. பிறகு படம் வந்தது, ஆனா கடல் ரோசாப்பூ நிறம்.

"இது எந்தக் கடல் பிள்ளை?"

"சிரிக்காதேங்கோ மாமி."

நான் எண்டா அந்தச் சாமானை யன்னலால எறிஞ்சிருப்பன். அவ எறியேல்ல. அவவைப் போலத் தாரா வைச்சிருக்கிற ஆக்கள் உலகம் முழுக்க இருக்கினமாம். ஒருத்தருக்கு வந்த கரைச்சலை இன்ரநெற்றில எழுதி வைப்பினமாம், இன்னொருத்தர் வந்து, இந்த இடத்தில இதை மாத்திப் பார் எண்டு எழுதுவாராம். சும்மா. ஒரு சதமும் கேக்காம. மருமகள் ரோசாப்பூக் கடலை எழுதிப் போட்டா. பனி கொட்டுற நாட்டில இருந்து ஒரு ஆள் பதில் போட்டார், தனக்கும் அதே பழைய லப்டொப்தானாம், மூடி உடைஞ்சு கம்பியால கட்டி வைச்சிருக்கிறாராம். அவர் சொன்னதைச் செய்ய, கடல் நீலமாப் போச்சு! எங்கயோ இருக்கிற மனிசன் எங்கட யன்னல் மேசையில கடலுக்கு நிறம் அடிச்சிட்டுப் போறார்.

"அந்தாளுக்கு ஒரு போத்தல் கருவாட்டுச் சம்பல் அனுப்புவம் பிள்ளை."

"விலாசம் தெரியாது மாமி."

கடல் நீலமாகி என்ன, ரெண்டு கப்பல் முட்டின உடனை எல்லாம் அப்பிடியே விறைச்சுப் போய் நிண்டது. அப்பதான் மருமகள் வேற வழி பிடிச்சா. அதே மாதிரி ஒரு கேம், அந்தச் சும்மா குடுக்கிற ஆக்களே செய்தது. தாராவிலயும் ஓடும், மோன்ர சப்பறத்திலயும் ஓடும். மோனிட்டக் கேக்க, "எந்தக் கேம் எண்டாலும் எனக்கு ஒண்டுதான்" எண்டான். அவ்வளவு தலைக்கனம்.

அந்தக் கேமில நாங்கள் ஊர் உண்டாக்கவேணும், உழவேணும், கப்பல் கட்டவேணும், படை வைக்கவேணும். என்ர முறை முடிய அவன்ர முறை. அவசரமே இல்லை, நடுவில சோறு வடிச்சுப்போட்டு வரலாம். எனக்கெண்டே செய்தது. பெரிய புண்ணியம், அதில தமிழும் இருந்தது. அரைவாசி தமிழ், அரைவாசி இங்கிலீஸ், நாங்கள் கதைக்கிற மாதிரி. தமிழ்நாட்டில ஆரோ சும்மா இருந்து மாத்திப் போட்டவையாம்.

மருமகள் காட்டித் தந்தா, நான் எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கொம்பியூட்டரோடயே விளையாடிப் பழகினன். கையும் வந்தது. ஒரு நாள் என்ர பட்டினத்துக்கு வெளியில எதிரி வந்து நிக்கிறான். உள்ளுக்க என்ர படை நிறைய. என்ன செய்வம் எண்டு தேட, ஒரு பட்டன். க, லை. கலை! ஆகா, எதிரியைக் கலைக்கத்தான் வைச்சிருக்கினம் எண்டு, மானைக் கலைக்கிற வேகத்தில அமத்தினன். என்ர ஆள் ஒருத்தன் மறைஞ்சான். ஓ, கலைச்சுக்கொண்டு ஓடிட்டான் போல எண்டு மற்றவனையும் அமத்தினன். எல்லாரையும் அமத்தி முடிக்க, எதிரி ஆறுதலா நடந்து உள்ளுக்க வந்தான்.

"பிள்ளை! என்ர படை எங்க?"

மருமகள் வந்து பாத்திட்டு நிலத்தில விழுந்து சிரிச்சா. "மாமி, இது அந்தக் கலை இல்லை. கூட்டத்தைக் கலைக்கிற கலை. படையைக் கலைச்சு விட்டிட்டீங்கள்!"

"கலை எண்டா கலைக்கிறதுதானே! எல்லாரையும் அனுப்பிட்டு நான் தனிய நிண்டு ஆரைக் கலைக்கிறது? நல்ல காலம், பாட்டுக் கூத்துக் கலை எண்டு நினைச்சு ஆடவிடேல்ல."

சிரிச்சு முடிய, அவ ஒண்டைக் காட்டினா. எதிரியின்ர கைக்குப் போன அந்தப் பட்டினத்தில, பாதியில நிண்ட மதில் இப்ப கட்டி முடியிற மாதிரி இருந்தது. ஊருக்குள்ள வைச்சு ஒரு படையையோ கப்பலையோ கலைச்சா, அதுக்குப் போட்ட சாமானில அரைவாசி அந்த ஊரில கட்டுற வேலைக்குப் போகுமாம். துரும்பு கையில வந்திட்டுது எண்டு முகத்தைப் பாணாக்கினன்.

பௌர்ணமிப் போயா லீவு அண்டு காலமை போட்டி. பந்தயம் பிடிச்ச கதை இதுதான்: ஒண்டில் மற்ற ஆளின்ர பெரிய பட்டினத்தைப் பிடிக்கவேணும், இல்லாட்டிக் கப்பலுக்கு வழி காட்டுற பெரிய வெளிச்சவீட்டை முதல் கட்டி முடிக்கவேணும். நான் மேசையில, மோன் நிலத்தில பாய் போட்டுச் சப்பறத்தோட. மருமகள் பேத்தியை இடுப்பில வைச்சுக்கொண்டு, பிழையா அச்சடிச்ச ஒரு கலியாணக் காட்டால சூடேறின லப்டொப்புக்கு விசுக்கிக்கொண்டு நிண்டா. அது அம்மியில அரைக்கிற மாதிரிச் சத்தம் போட்டது. அவவின்ர கண் துறைமுகத்தில. பாக்க வேண்டியதை எல்லாம் பாத்து வைக்கிற மாதிரி.

மோன் கெட்டிக்காரன், அதை ஒளிக்கேல்ல. மத்தியானத்துக்கிடையில என்ர சின்ன ஊர் ரெண்டைப் பிடிச்சான். நான் கட்டினது முழுக்கக் கப்பல். துறைமுகம் நிறையக் கப்பல், ஒண்டையும் வெளியில விடேல்ல.

"அம்மா, அவ்வளவு கப்பலையும் என்ன செய்யப் போறீங்கள்? மீன் பிடிக்கவோ?"

"எனக்கென்ன மோன் தெரியும். வடிவா இருக்கு எண்டு கட்டினன்."

அவன்ர படைக் கப்பல்கள் என்ர பெரிய பட்டினத்துக்கு முன்னால வந்து நிண்டது. அடுத்த முறை இறங்கினா முடிஞ்சுது. மருமகள் விசுக்கிறதை நிப்பாட்டிட்டா. என்ர பட்டினத்துக்குள்ள வெளிச்சவீடு அரைவாசியில நிண்டது, அது மோனுக்குத் தெரியாது. நான் ஒரு கப்பலைத் தொட்டு, கலை. அடுத்தது, கலை. துறைமுகம் வெறிச்சோடிப் போச்சு.

மோன் எட்டிப் பாத்தான். "ஐயோ அம்மா! கப்பல் முழுக்கப் போயிட்டுது! பிழையா அமத்திட்டீங்கள்."

"அப்பிடியோ மோன்?"

அவனுக்கு உண்மையா மனம் இளகிட்டுது. "முதல்ல இருந்து வேணுமெண்டா விளையாடுவம் அம்மா. பாவம் நீங்கள்."

என்ர வயித்தில பிறந்தது எண்டு அதில தெரிஞ்சுது. எண்டாலும் மேசை மேசைதான்.

"வேண்டாம் ராசா. பிழை என்ர. முறையை முடிக்கிறன்."

முடிச்சன். ஒரு பெரிய மேளச் சத்தம். ரெண்டு கொம்பியூட்டரிலயும் வெளிச்சவீடு எழும்பி நிண்டது, என்ர கப்பல் பலகையால கட்டினது. மோன் பாயில இருந்து எழும்பி வந்து என்ர திரையைத் தொட்டுப் பாத்தான்.

"இது எப்பிடி?"

"கலை மோன், கலை."

சொன்ன சொல்லு மாறேல்ல அவன். அண்டைக்கே சப்பறத்தைத் தூக்கிக் குசினி வாங்கில வைச்சான். இப்ப நான் புட்டு அவிக்கேக்க புட்டு ஒருக்காப் பச்சை, ஒருக்காச் சிவப்பு. சந்தோசமாத்தான் இருக்கு.

பிறகு மருமகள் அந்தக் கேம்காரருக்கு, கலை எண்ட சொல்லால எங்கட ஆக்களுக்குக் கரைச்சல் எண்டு எழுதினா. வேற என்ன போடலாம் எண்டு என்னட்டக் கேட்டா. எனக்குத் துரும்பு போகுதே எண்டு கவலை. எண்டாலும் சொன்னன்: "வீட்டுக்கு அனுப்பு எண்டு போடச் சொல்லு. படைக்காரன் எண்டாலும் அவனுக்கும் ஒரு வீடு இருக்கும்தானே." அவை அதை அப்பிடியே எடுத்திட்டினம். புதுசா வந்த கேமில இப்ப அந்தப் பட்டன் "வீட்டுக்கு அனுப்பு". மூண்டாம் வகுப்புக்காரியின்ர சொல்லு உலகம் முழுக்க ஓடுது. ஆர் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

"மாமி, நான் நிலத்தில விழுந்து சிரிக்கேல்ல. அதை அடிக்க மாட்டன்."

"விழுந்தனீ. அடி."

அடிக்கிறா. யன்னலடியில, தங்கூசி கட்டின மூடிக்கு முன்னால. இப்ப ஒரு மான் தலையை நீட்டிக் கலியாணக் காட்டை மணக்குது.

"மாமி, மானைக் கலையுங்கோவன்."

"கலைக்க மாட்டன் பிள்ளை. வீட்டுக்கு அனுப்பிவிடு."