கொல்லைப்புறமாகச் சுற்றிய கால்கள்

பெரியவளே, அன்றைக்குப் பண்ணை வீட்டில் நீ கேட்டதற்கு நான் சரியான பதில் சொல்லவில்லை. சின்னவள் அன்றைக்கு வரவும் இல்லை. அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதி வைக்கிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

குரும்பகரம் பக்கத்து அந்தப் பழைய பண்ணை வீட்டில் மாடு பார்க்கத்தான் நான் சேர்ந்தேன். அந்தக் காலத்து விவசாயத்தைப் பள்ளிப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும் என்று வீட்டைச் செப்பனிட்டிருந்தார்கள். அந்தக் காலத்து ஆட்களாகவே இருந்து காட்டுவதற்கு, சம்பளம் இல்லாமல் ஆசைப்பட்டுச் சிலர் சனிக்கிழமைகளில் வருவார்கள். வேலை தெரிந்தவன் என்று அவர்களைப் பழக்கச் சொன்னார்கள்.

பாங்கில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பண்ணையார். அம்பகரத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் நர்ஸம்மா நடவு நடும் பெண். நான் பண்ணையாள். உடுப்பை மாற்றிவிட்டால் செல்போன் என்றால் என்னவென்றே தெரியக்கூடாது. யார் எது கேட்டாலும் அந்தக் காலத்து ஆளாகத்தான் பதில் சொல்ல வேண்டும். அதுதான் விதி.

முதல் நாள் ஒத்திகையில், கூலி கேட்டு நான் கூடத்துக்குள் போனேன். பண்ணையார் சட்டென்று எழுந்துவிட்டார். "வாங்கண்ணே, உட்காருங்க!"

நர்ஸம்மா சிரித்த சிரிப்பில் மாடே திரும்பிப் பார்த்தது. "சார், நீங்க பண்ணையாரா இருந்திருந்தா எங்க தாத்தா அப்பவே மாடி வீடு கட்டியிருப்பாருங்க!"

நான் விளக்கினேன். பண்ணையாள் முன்வாசலில் கால் வைக்கக்கூடாது. கொல்லைப்புறமாகச் சுற்றி வந்து, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து விரித்துப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்க வேண்டும். மரக்காலால் அளந்து நெல்லை அதில் கொட்டுவார்கள். என் அப்பா, உங்கள் தாத்தா, இதே வீட்டில் அப்படி நின்றவர்.

நர்ஸம்மா முகம் மாறிவிட்டது. "புள்ளைங்க பாக்குற இடம்ண்ணே. நடவு, அறுப்பு மட்டும் காட்டுவோமே. இது வேணாமே."

"சரிம்மா, விட்டுடுவோம்" என்றேன். ஏன் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டேன் தெரியுமா? முதலில் வரப்போவது உன் பள்ளிக்கூடம். அப்பா குனிந்து நிற்பதை உன் கூட்டாளிகள் பார்த்துச் சிரித்தால் நீ என்ன ஆவாய் என்ற பயம்.

ஒத்திகை முடிந்து நான் சட்டை மாட்டிக்கொண்டேன். "அண்ணே, டீ ஆறுது!" என்று நர்ஸம்மா கூடத்திலிருந்து கூப்பிட்டார். நான் முன்வாசலுக்கு நேரே நின்றிருந்தவன், மாட்டுக் கொட்டகையைத் தாண்டி, கிணற்றடியைச் சுற்றிக் கொல்லைக் கதவு வழியாக உள்ளே போனேன்.

பாங்குக்காரர் கேட்டார். "வேஷத்தத்தான் கலைச்சாச்சே. ஏண்ணே இப்பவும் சுத்தி வர்றீங்க?"

டம்ளர் கையிலேயே இருந்தது. சேர்ந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட நான் முன்வாசல் வழியாகப் போனதில்லை. ஒத்திகையில் கொல்லைப்புறமாகச் சுற்றியது பழக்குகிற வேலைக்காக. அது கணக்கில் வராது. யாரும் என்னைத் தடுக்கவும் இல்லை. என் அப்பா நடந்த வழியை என் கால் அதுவாகவே பிடித்துக்கொண்டிருக்கிறது.

"அந்தக் கூலி வாங்குறதயும் காட்டிடுவோம்ங்க" என்றேன்.

உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு நீ வந்த அன்று கொல்லையில் துண்டை விரித்து நின்றேன். பண்ணையார் மரக்காலால் அளந்து கொட்டினார். அப்போதுதான் நீ கூட்டத்துக்குள்ளிருந்து கேட்டாய். "அப்பா, முன்னாடி அவ்ளோ பெரிய வாசல் இருக்கே, ஏன் இந்தப் பக்கம் வந்தீங்க?"

பிள்ளைகள் சிரித்தார்கள். விதிப்படி, "அதான் வழக்கம் தாயீ" என்றேன். உன் முகம் சுருங்கிப்போயிற்று.

சரியான பதில் இதுதான்: உன் தாத்தாவை அந்த வாசலில் விடமாட்டார்கள். அவர் உழைத்த கூலியையும் அவர் குனிந்துதான் வாங்க வேண்டியிருந்தது. அது தப்பு. அதை மறைத்திருந்தால், நீயும் ஒருநாள் காரணம் தெரியாமல் எங்காவது சுற்றிப் போவாய்.

எல்லாரும் பஸ் ஏறப் போனபோது நீ மட்டும் திரும்பி வந்தாய். என் கையைப் பிடித்து முன்வாசலுக்கு இழுத்துப் போனாய். உள்ளே பாங்குக்காரர் தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்கண்ணே, உட்காருங்க."

இந்தத் தடவை நான் அவரைத் திருத்தவில்லை. உட்கார்ந்தேன்.