பேராசிரியர் சொன்ன பொய்

"நம்ம சேர் தவறிட்டாராம்" என்று கட்டுகஸ்தோட்டையிலிருந்து என் வகுப்புத் தோழி ரிஸானா தொலைபேசியில் சொன்னபோது எனக்கு முதலில் அழுகை வரவில்லை. "யாரு சொன்னது? நீ கண்ணால பார்த்தியா?" என்றுதான் கேட்டேன். பேராசிரியர் குணநாயகம் அவர்களிடம் உளவியல் படித்தவர்களுக்கு அந்தப் புத்தி லேசில் போகாது.

அவருடைய வகுப்பே அப்படி. விரிவுரை நடுவில் எவனோ ஓடிவந்து மேசையில் இருந்த குடையைத் தூக்கிக்கொண்டு போவான். "கள்ளன்ர சட்டை என்ன நிறம்?" என்று அவர் அமைதியாகக் கேட்பார். ஆளுக்கொரு நிறம் சொல்வோம். கள்ளன் அவரே ஏற்பாடு செய்த ஆளாக இருப்பான். பிறகு மழைக்கு ஒதுங்க வந்தவரைக்கூட நாங்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தோம்.

இறுதியாண்டில் என்னைத் தனியே நிறுத்தி, "நீர் பிள்ளையளின்ர மனசறிஞ்சு படிப்பிக்கக்கூடிய ஆள்" என்றார். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்தவளுக்கு வேறென்ன வேண்டும்? தலைகால் புரியவில்லை. அடுத்த கிழமையே வகுப்பில் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"உங்களில ஒராளுக்கு நான் பொய்யாப் பாராட்டுச் சொல்லியிருக்கிறன். ஆரெண்டு சொல்லமாட்டன். நம்பிக்கை எப்பிடி வேலை செய்யுதெண்டு பாருங்கோ."

பாவி மனுஷன்! கம்பளையில் ஆசிரியையாகித் தலை நரைத்த பிறகும், ஒரு பிள்ளை என்னிடம் முகம் கொடுக்காவிட்டால், 'அந்தப் பொய் எனக்குத்தானோ' என்று நெஞ்சு குறுகுறுக்கும். நேரில் கேட்டும் பார்த்தேன். சிரித்து மழுப்பிவிட்டார்.

செத்த வீட்டில் பழைய மாணவர்கள் கூடியபோது பேச்சு அந்தப் பொய்ப் பாராட்டில்தான் போய் நின்றது. ரிஸானா தனக்குத்தான் என்றாள். வங்கி முகாமையாளராக இருக்கும் ராஜேந்திரன் தனக்குத்தான் என்றான். இத்தனை பேரும் இத்தனை காலமும் தங்களையே சந்தேகித்து வந்திருக்கிறோம்! பொறுக்கமாட்டாமல் நானே அவருடைய மனைவியிடம் கேட்டுவிட்டேன்.

"அவர் ஒருத்தருக்கும் பொய் சொல்லேல்லை, பிள்ளை. பொய் சொன்னனான் எண்டதுதான் பொய்" என்றார் அந்த அம்மா.

சந்தேகம் போயிற்றா? எங்கே போகும்! எங்களை ஆற்றத்தான் சொல்கிறாரோ என்று நினைத்தேன்.

அப்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசிக் கிழமை முழுக்க, 'எனக்கு நோகேல்லை'யெண்டே சொன்னவர். அது உண்மைதானே? உங்களுக்கு அவரைத் தெரியும். சொல்லுங்கோ பிள்ளை."

நான் வைத்தியரல்ல, பக்கத்தில் இருந்தவளுமல்ல. ஆனாலும் தயங்காமல், "உண்மைதாம்மா. சேருக்கு நோகவே இல்ல" என்றேன். அவர் முகம் மெல்லத் தெளிந்தது.

சேர், நான் சொன்னது மெய்யா பொய்யா என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அம்மா நம்பிவிட்டார். நிம்மதியாகப் போங்கள்.