ரேடியோ அருளம்பலம்

அருளம்பலத்துக்குத் தொண்டை என்றால் அதுதான் தொண்டை. விடியற்புறம் கிணற்றில் தண்ணீர் இறைக்கத் துலா மிதிக்க ஏறி நின்று ஒரு குரல் விட்டானென்றால், நாலு தோட்டம் தள்ளிப் புகையிலைக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டு நிற்கிறவனும் மண்வெட்டியை ஊன்றிவிட்டு நிமிர்ந்து பார்ப்பான். அப்படிப்பட்ட மனுசன் நாற்பத்துமூன்றாம் ஆண்டு மாசி மாதத்துக்குப் பிறகு, சாகும்வரைக்கும், துலாவில் நின்று ஒரு சொல் கத்தவில்லை. ஊர்க்கதை விடுப்புக் கேட்கிற சனத்துக்குக் காரணத்துக்கா பஞ்சம்? நெஞ்சு நோ என்றார்கள், கோயிலுக்கு நேர்த்தி என்றார்கள், ஆரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்றும் சொன்னார்கள். எல்லாம் விசர்க்கதை. நடந்தது வேறு.

அச்சுவேலிக்குக் கிழக்கே, உவர்நீர் ஏரிக்கரையோரம் அவனுடைய ஊர். ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது தகப்பன் கண்ணை மூடிவிட்டார். அன்றைக்குப் புத்தகத்தை வைத்துவிட்டுத் துலாவில் ஏறியவன்தான். கூடப்பிறந்தவள் அக்கா சின்னத்தங்கம் ஒருத்தி. அவள் மூன்று பிள்ளைகளைப் பெற்ற கையோடு புருசனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தாள். அருளம்பலத்துக்கும் பெண்சாதிக்கும் பிள்ளை இல்லை. ஆகவே அக்காவின் மூன்றும் அவனுக்குச் சொந்தப் பிள்ளைகள்தான். கடைக்குட்டி பத்மாவதி மாமனின் தோளைவிட்டு இறங்கமாட்டாள். "இது என்ன, தோளிலை முளைச்ச பிள்ளையோ?" என்று ஊர் பகிடி பண்ணும்.

யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஊர் வாசிகசாலைக்கு ரேடியோ வந்தது. மலாயாவில் உத்தியோகம் பார்த்த ஊர்க்காரர் ஒருவர் வாங்கிக் கொடுத்தது. பெட்டி வந்துவிட்டது, சரி. அதுக்குச் சாப்பாடு போடவேண்டுமே! மின்சாரம் இல்லாத ஊரில் அது பற்றரியில்தான் பேசும். பற்றரியோ கல்லுப்போலக் கனம். அது இறங்கினால் சைக்கிளில் கட்டி யாழ்ப்பாணம் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றிவரவேண்டும். வழியில் அசிட் தெறித்து வேட்டியைத் தின்னும். வெள்ளை வேட்டிக்காரர்கள் ஒருத்தரும் கிட்டப் போகவில்லை. அருளம்பலம்தான், "என்ரை வேட்டியிலை இனி ஓட்டை விழ இடமில்லை, தாருங்கோ" என்று வாங்கிச் சைக்கிளில் கட்டினான். அதனால் அவனுக்கு ரேடியோவுக்குப் பக்கத்தில் இருக்கிற உரிமை கிடைத்தது.

பின்னேரத்தில் கொழும்பிலிருந்து தமிழில் செய்தி வரும். முடிவில் மழை, காற்று நிலவரம். சில நாட்களில் தோட்டம், வயல் செய்கிற கமக்காரருக்கென்று ஒரு பேச்சும் இருக்கும். ஆனால் கமக்காரர் எங்கே வந்து கேட்கிறது? அந்த நேரம் ஆண்கள் மாடு கட்டப் போயிருப்பார்கள், பெண்கள் அடுப்படியில் நிற்பார்கள். பெண்கள் வாசிகசாலைப் படி மிதிக்கிற வழக்கமும் இல்லை. அருளம்பலம் கேட்டதை மனசில் போட்டுக்கொண்டு, மறுநாள் விடிய, துலாவில் முன்னும் பின்னும் நடந்தபடி கத்துவான்.

"கமக்காரர் எல்லாரும் கேளுங்கோ! புகையிலைக்குப் புழு விழுகிற காலமாம், குருத்தை விரிச்சுப் பாக்கட்டாம்!"

"எட ரேடியோ, என்ரை மாடு எப்ப கண்டு போடும் எண்டு சொல்லேல்லையோ?" என்று ஒரு தோட்டத்திலிருந்து கேள்வி வரும்.

"ஆத்துத் தண்ணியை வாய்க்காலுக்குத் திருப்பட்டாம்!" என்று ஒருநாள் அவன் கத்தினான். தோட்டமெல்லாம் வயிறு குலுங்கச் சிரித்தது. யாழ்ப்பாணத்தில் ஆறு ஏது, வாய்க்காலுக்குத் திருப்ப! கொழும்பில் இருந்து கதைக்கிற மனுசனுக்கு எங்கடை கிணறும் துலாவும் எங்கே தெரியப்போகிறது? ஆனால் மழை விஷயத்தில் சனம் சிரிக்கவில்லை. நாற்பத்தோராம் ஆண்டு தையில், வெட்டின நெல் வயலில் கிடக்கும்போது, வானம் துடைத்துவிட்டதுபோலக் கிடந்தது. ரேடியோ மட்டும் கிழக்குக் கடலில் தாழமுக்கம், இரண்டு நாளில் மழை என்றது. அருளம்பலம் கத்தினான். அரைமனசோடுதான் நெல்லை அள்ளிப் போராக அடுக்கிச் சூடு வைத்தார்கள். மழை சொன்னபடி வந்து கொட்டியது. பக்கத்து ஊரில் நெல் மிதந்தது, இங்கே ஒரு கதிர் நனையவில்லை. அன்றிலிருந்து அவன் ரேடியோ அருளம்பலம். வானத்தை அண்ணாந்து பார்க்கிற பழக்கமே ஊருக்கு விட்டுப்போயிற்று.

அடுத்த வருசம் பங்குனியில் பற்றரி அடியோடு செத்துப்போனது. புதிசுக்கு எங்கே போவது? யுத்தம். சித்திரையில் யப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். பர்மா யப்பான்காரன் கைக்குப் போக, அங்கேயிருந்து வந்த அரிசியும் நின்றது. பங்கீட்டுக் கூப்பன் அரிசி கோழிக்குக் காணாது. மரவள்ளியும் பனங்கிழங்கு ஒடியல் கூழுமாகச் சனம் இழுபட்டது. அந்த வருசம் எல்லாருடைய உயிரும் வரப்போகிற தை மாத அரிவுவெட்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. சின்னத்தங்கத்துக்கு ஏரிக்கரையில் சீதனமாக வந்த ஒரு துண்டு வயல். மூன்று பிள்ளைகளுக்கும் அடுத்த மாரிவரை சோறென்றால் அதுதான். வேறு ஒன்றும் இல்லை.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் அருளம்பலம் எங்கேயோ அலைந்து ஒரு பழைய பற்றரி பிடித்துக்கொண்டு வந்தான். பெட்டி மறுபடி பேசியது. வாசிகசாலைச் செயலாளர் சீவரத்தினம் தேங்காய் உடைத்தார். அருளம்பலத்துக்குக் கால் நிலத்தில் படவில்லை. செய்தியில் யுத்தம், யுத்தம், யுத்தம். முடிவில் மழை, காற்று என்று ஒரு வார்த்தை இல்லை. பொங்கலும் வந்துவிட்டது, மழைக்காலம் முடிந்தது, சொல்ல ஒன்றும் இருக்காது என்று அவன் நினைத்தான். பாவி, அப்படித்தான் நினைத்தான்.

அக்காவின் வயலை வெட்டி முடித்தார்கள். வெட்டின கதிரைப் பிடிபிடியாக வயலிலேயே பரப்பிக் காயவிடுவது வழக்கம், உப்பட்டி என்பார்கள். நன்றாகக் காய்ந்த பிறகுதான் அள்ளிச் சூடாக அடுக்குவது. ஈரத்தோடு அடுக்கினால் உள்ளே புழுங்கி நெல் கெட்டுவிடும். அன்று ஊரிலுள்ள நெல் முழுக்க உப்பட்டியாகத்தான் கிடந்தது.

விடிய அருளம்பலம் துலாவில் ஏறினான். மேலே நின்று கிழக்கே பார்த்தபோது, ஏரிக்கு அப்பால், தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவில் ஒரு கறுப்பு. மெல்லிசுதான், ஆனால் கறுப்பு. இரவெல்லாம் அடித்த வாடைக்காற்று செத்துப்போயிருந்தது. கீழே வாய்க்காலில் தண்ணீர் மாறிக்கொண்டு நின்ற சின்னத்தங்கம் நிமிர்ந்து கேட்டாள்:

"தம்பி, ரேடியோ என்ன சொன்னது? அள்ளி அடுக்கட்டோ?"

அவன் கறுப்பைத் திரும்ப ஒருக்கால் பார்த்தான்.

"மழை இருந்தால் சொல்லாமல் விடுவாங்களோ அக்கா? பச்சையாய் அடுக்கினால் புழுங்கிப் போகும். காயட்டும் விடு." பிறகு வழக்கம்போல நாலு பக்கமும் கத்தினான். "மழை எண்டு ரேடியோ ஒண்டும் சொல்லேல்லை! உப்பட்டி காயட்டும்!"

மத்தியானம் திரும்பமுன் மழை வந்தது. தூறல் இல்லை, துமி இல்லை, வானத்தைப் பொத்துக்கொண்டு ஒரேயடியாக வந்தது. ஆண், பெண், குஞ்சு, குருமன் எல்லாம் வயலுக்கு ஓடியது. அருளம்பலம் நனைந்த கதிரை அள்ளி அள்ளி வரம்பில் போட்டான். போட்டதை வெள்ளம் திரும்ப இழுத்தது. "ஐயோ அக்கா, பிடியுங்கோ! ஐயோ, போகுது!" என்று அந்தப் பெரிய தொண்டையால் கத்தினான். மழைச் சத்தத்தில் அது பக்கத்தில் நின்றவளுக்கே கேட்கவில்லை. அடுத்த நாளும் விடவில்லை, அதற்கடுத்த நாளும் விடவில்லை. வெயில் எறித்தபோது நெல் கதிரிலேயே முளைவிட்டிருந்தது, பச்சைப்பசேலென்று. பார்க்க அழகாகக்கூட இருந்தது, நாசமாய்ப் போக!

சின்னத்தங்கம் அவனை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். முளைத்த நெல்லை வறுத்து, இடித்து, கஞ்சி காய்ச்சினாள். அது நாறியது. மூத்ததுகள் இரண்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தன. பத்மாவதி துப்பினாள். பசி கூடியபோது அவளும் குடித்தாள். மழை வெள்ளத்தோடு ஊரில் வயிற்றோட்டம் பரவிய நேரம் அது, அவளையும் பிடித்தது. சோறு கண்டு மாசக்கணக்கான உடம்பு, தாங்குமா? அருளம்பலம் மருந்துக்குப் பரியாரியிடம் ஓடினான், ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்க ஓடினான். வண்டி வந்து வாசல் படலையில் நின்றபோது பிள்ளை அவன் தோளில்தான் கிடந்தாள். ஏற்றவேண்டிய தேவை இருக்கவில்லை. மாசி மாதம் பிறந்து கொஞ்ச நாள்.

செத்தவீடு முடிந்த கையோடு அவன் வாசிகசாலைக்குப் போய்ப் பற்றரியைக் கழற்றிச் சைக்கிளில் கட்டினான். சீவரத்தினம், "சார்ஜ் இருக்குத்தானே அருளம்பலம், ஏன் இப்ப?" என்றார். அவன் கயிற்றை இறுக்கி முடிந்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளினான். யாழ்ப்பாணத்தில் பற்றரிக் கடை வைத்திருந்த கிறிஸ்துநாயகம் ரேடியோப் பெட்டிகளும் திருத்துகிறவர். அவருக்கு முன்னால் பற்றரியைத் தொம்மென்று போட்டு, "ரேடியோவிலை உவங்கள் ஏன் மழையைச் சொல்லேல்லை? அதை மட்டும் சொல்லுங்கோ" என்று கேட்டான்.

கிறிஸ்துநாயகம் அவனை மேலும் கீழும் பார்த்தார். "உமக்குத் தெரியாதோ? குண்டு போட்ட நாள் தொடக்கம் காலநிலை சொல்லுறதில்லை. எதிரி கப்பலிலை இருந்து கேட்டுப்போட்டு வருவானாம், சொல்லப்படாதெண்டு கட்டளையாம். புயல் அடிச்சாலும் சொல்லமாட்டாங்கள்."

"புயல் அடிச்சாலுமோ?"

"ஓம். ஊரிலை ஒருத்தரும் சொல்லேல்லையோ உமக்கு?"

ஊருக்குச் சொல்லுகிறவனே அவன்தானே! அவனுக்கு ஆர் சொல்லுவது?

பற்றரியை அங்கேயே விட்டுவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பினான். ஒரு பக்கம் நெஞ்சில் பாரம் குறைந்ததுபோல இருந்தது. பிழை என்னுடையதில்லை, சொல்லாமல் விட்டது அவங்கள், ஊருக்கும் இதையே சொல்லலாம். கொஞ்சத் தூரம் அப்படி நடந்தான். பிறகு அந்தக் கறுப்புக் கோடு கண்ணுக்குள் வந்து நின்றது. அதை அவன் ஒருத்தருக்கும் சொல்லவில்லை, பெண்சாதிக்கும் சொல்லவில்லை. அக்காவுக்குச் சொல்லாமல் இனி ஒரு வாய்த் தண்ணியும் இறங்காது என்று தெரிந்தது.

சின்னத்தங்கம் முற்றத்தில் இருந்து சுளகில் முளைநெல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மற்ற இரண்டுக்கும் பின்னேரம் எதையாவது காய்ச்சவேண்டுமே. அருளம்பலம் முன்னால் குந்தினான்.

"அக்கா, ரேடியோ மழையைச் சொல்லுறதை விட்டு ஒரு வருசமாகுதாம். யுத்தத்துக்காக விட்டதாம்."

அவள் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"அதில்லையக்கா. நான் கண்டனான். அண்டைக்கு விடிய, துலாவிலை நிண்டு, கிழக்கை கறுத்துக்கொண்டு வந்ததை என்ரை கண்ணாலை கண்டனான். கண்டுபோட்டுத்தான் காயட்டும் விடு எண்டு சொன்னனான். என்ரை பிள்ளையை நான்தான் சாகடிச்சன் அக்கா. செருப்பாலை அடியுங்கோ என்னை."

சின்னத்தங்கம் சுளகைக் கீழே வைத்தாள். அழுது அழுது வறண்ட கண் அவளுக்கு.

"நானும் கண்டனானடா," என்றாள். "வாய்க்காலுக்கை நிண்டு கண்டனான். கண்டதாலைதான் அடுக்கட்டோ எண்டு உன்னைக் கேட்டனான். சீவரத்தினம் அண்ணையும் கண்டவராம். எல்லாரும் கண்டிருக்கினம். நீ கத்துவாய் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனாங்கள்."

அவள் திரும்பச் சுளகை எடுத்தாள்.

மறுநாள் விடிய வழக்கம்போலத் துலாவில் ஏறினான். அவன் தலை தெரிந்ததும் நாலு தோட்டத்திலும் மண்வெட்டிகள் நின்றன. தண்ணீர் பாத்தியை மேவி ஓட ஓட, எல்லா முகமும் அவனைப் பார்த்தபடி நின்றது. அவன் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் கொஞ்சநேரம் காத்து நின்றார்கள். பிறகு, ஒருத்தர் பின் ஒருத்தராக, அவனை விட்டுவிட்டு வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.