மடத்துக் கூரைக்குச் சவரம்

ஏணியில் கால் வைக்குமுன் அவேதிஸ் நிமிர்ந்து பார்த்து, "என்னப்பா, கை வலிக்குதா?" என்று கேட்பார். கேள்வி ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கும் எனக்கல்ல. மடத்துக் கோயிலின் கிழக்குச் சுவரில், கூரை விளிம்புக்குக் கீழே, இளவரசச் சகோதரர்கள் இருவர் ஒரு சின்னக் கோயிலை ஆளுக்கொரு பக்கம் தாங்கி நிற்கிறார்கள். எண்ணூறு வருஷமாகக் கல்லாய் நின்று தாங்குகிறவர்கள். விசாரிப்பு அவர்களுக்குத்தான்.

எங்கள் லோரி மலையில் நாலு தூறல் விழுந்தால் கல்லிலும் புல் முளைக்கும். ஆகவே மடத்தைப் பராமரிக்கும் அவேதிஸ் கோடை முழுக்கப் புல் சுரண்டக் கூரையில்தான் இருப்பார். "நம்ம பாதிரியாருக்குத் தாடி இருக்கலாம், கோயிலுக்கு இருக்கக் கூடாது" என்பார். பூட்ஸைக் கழற்றிவிட்டு, மனைவி சதேனிக் பின்னிய கம்பளிக் காலுறையோடு கூம்புக் கூரையில் பல்லிபோல் ஏறுவார். பழைய அரிவாளை ஒடித்துத் தானே செய்த கத்தியால் வேரைச் சுரண்டி எடுப்பார். பிடித்து இழுக்கவே மாட்டார். இழுத்தால் சுண்ணாம்பும் சேர்ந்து வந்துவிடும். மதியம் லவாஷ் ரொட்டியில் பாலாடைக்கட்டியைச் சுருட்டி அங்கேயே சாப்பாடு. மழை நாளில் கீழே, சிலுவை செதுக்கி நட்டுவைத்த சிலுவைக்கற்களிடம் வருவார். பின்னல் பின்னலாய்ச் செதுக்கிய இடுக்குகளில் தங்கிய மண்ணை ஆட்டுமயிர்த் தூரிகையால் தட்டுவார். ஒரு கல்லைப்போல் இன்னொன்று இல்லை என்பதில், தாமே செதுக்கியதுபோல அவருக்கு ஒரு பெருமை.

முன்மண்டபத் தரையில் பிரபுக்களின் கல்லறைப் பலகைகள் பதித்திருக்கின்றன. பலர் காலில் மிதிபட்டால் பாவம் கரையும் என்று, வாசலருகே இடம் கேட்டு வாங்கிப் படுத்தவர்கள். நாங்கள் எல்லாரும் மிதித்துத்தான் போகிறோம். அவேதிஸ் மட்டும் சுவரோரமாகச் சுற்றிப் போவார். "அவங்க கேட்டுக்கிட்டாங்க, சரி. நான் ஒத்துக்கலையே."

இவ்வளவு கறாரான மனிதர் ஒரே ஒரு செடியை விட்டுவைத்திருந்தார். முழங்கால் முறிந்து அவர் படுத்திருந்த வருஷம், சகோதரர்களின் தலைக்கு மேலே கல்லிடுக்கில் ஒரு காட்டுப் பிளம் முளைத்தது. அவர் எழுந்து வருவதற்குள் ஊர்ப் பெண்கள் அவருடைய ஏணியிலேயே ஏறி, வேண்டிக்கொண்டு அதில் நேர்த்தித் துணிகளைக் கட்டிவிட்டார்கள். நேர்த்தி கட்டிய மரத்தில் எங்கள் ஊரில் யாரும் கை வைப்பதில்லை. அதில் ஒரு சிவப்புத் துணி சதேனிக்குடையது. எல்லையில் காவலுக்குப் போயிருக்கும் ஒரே மகன் லெவோனின் சின்ன வயசுச் சட்டையிலிருந்து கிழித்தது.

போன வருஷம் பனி உருகியபோது, சகோதரர்கள் தாங்கும் அந்தச் சின்னக் கோயிலின் குறுக்கே ஒரு விரிசல் ஓடியிருந்தது. பிளம் வேர் உள்ளே இறங்கிவிட்டது. இன்னொரு குளிரில் தண்ணீர் புகுந்து உறைந்தால் கல் பிளந்து விழும். வெட்டத்தான் வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள், வெட்ட யாரும் முன்வரவில்லை. பாதிரியார் கத்தியை ஆசீர்வதித்துத் தருவதாகச் சொன்னதோடு சரி. அவருடைய அக்காள் கட்டிய துணியும் அங்கே ஆடிக்கொண்டிருந்தது.

சதேனிக் சண்டை போடவில்லை. "ஏ மனுஷா, கல்லு விழுறது உன் கண்ணுக்குத் தெரியுது. நம்ம பிள்ளை தெரியலையா?" என்று ஒரு தரம் கேட்டாள், அவ்வளவுதான். அந்தக் கோடையில் அவர் மற்றக் கூரைகளையே சிரைத்துக்கொண்டிருந்தார். சகோதரர்களிடம் நலம் விசாரிக்கவுமில்லை. அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

உருளைக்கிழங்கு தோண்டி முடித்த ஒரு காலையில் வந்து, "ஏணியப் புடி" என்றார். மேலே போய் ஒவ்வொரு துணியாக முடிச்சவிழ்த்தார். எதையும் கத்தியால் அறுக்கவில்லை. பிறகு செடியை வெட்டி, வேரைக் கடைசி நுனிவரை சுரண்டி, விரிசலில் சுண்ணாம்பு பூசினார். நேர்த்தித் துணி உயிருள்ள மரத்தில்தான் இருக்கவேண்டும். கீழே கூடியிருந்த பெண்கள் தத்தம் துணியை வாங்கி முற்றத்து வால்நட் மரத்தில் கட்டிக்கொண்டார்கள்.

சதேனிக் மட்டும் கை நீட்டவில்லை. இன்னொரு மரத்தை நம்ப மாட்டேன், இதையும் நாளைக்கு ஒருத்தன் வெட்டுவான் என்றாள்.

அவேதிஸ் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சுண்ணாம்பு அப்பிய மணிக்கட்டை நீட்டினார். "இதுல கட்டு. அவன் வர்ற வரைக்கும் இது பட்டுப்போகாது."

அவள் அந்தக் கையிலிருந்த சுண்ணாம்பைக் கட்டைவிரலால் துடைத்து, அவரிடமிருந்து துணியை வாங்கினாள். பிறகு சிவப்புத் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டு, குனிந்து பல்லால் கடித்து இறுக்கினாள்.